ஆடவர் நல்வாழ்வு நிலையத்துக்குத் தானாக வந்தவர்

வெயிலுமுத்துவுக்கு நோவு வந்த இடம் அப்படி. கையில் வந்திருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருப்பான். நாலு பேர் நிறுத்தி என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். பல்லில் வந்திருந்தால் ஆளுக்கொரு கிராம்பு கொடுத்திருப்பார்கள். இது கோவணத்துக்குள் வந்துவிட்டது. கோவணத்துக்குள் வருகிற நோவுக்கு ஊரில் வைத்தியமும் கிடையாது, விசாரிப்பும் கிடையாது. சிரிப்புதான் உண்டு.

பசுவந்தனைக்குத் தெற்கே கரிசலுக்குள் கிடக்கிற ஒரு பட்டி அவனுக்கு ஊர். பருத்தியும் உளுந்தும் போடுகிற சம்சாரிக் குடும்பம். போன ஆவணியில் கழுகுமலைப் பக்கமிருந்து பாண்டியம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தான். வேலைக்கும் சளைக்காதவள், வாய்க்கும் சளைக்காதவள். அவளிடத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் இவனிடத்தில்தான் இருந்தது.

நுனித்தோல் பின்னால் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்திருந்தான். இதையெல்லாம் யாரிடம் போய் ஒப்பிட்டுப் பார்ப்பது? கல்யாணத்துக்குப் பிறகு உள்ளே அழுக்கு அடைந்து, நமைச்சல் எடுத்து, சிவந்து வீங்கி, சீழ் வைத்துவிட்டது. ஒண்ணுக்குப் போனால் மிளகாயை அரைத்துப் பூசினதுபோல் காந்தியது.

குளிக்காத பயல் என்று நினைத்துவிட வேண்டாம். கிணற்றில் தண்ணீர் கிடந்த மாசமெல்லாம் தினமும் குளித்தவன்தான். ஆனால் நம் பக்கத்து ஆம்பிளை குளிக்கிற லட்சணம் தெரியாதா? ஊரே பார்க்கக் கிணற்று மேட்டில் நின்று, கட்டின கோவணம் கட்டினபடி வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்ப்பான். முதுகைக் கல்லில் தேய்ப்பான். குதிகாலை உரசி உரசி வெளுக்க வைப்பான். எருமையைக் குளிப்பாட்டினால் வைக்கோல்பிரி எடுத்துச் சந்து பொந்தெல்லாம் தேய்ப்பான். கோவணத்துக்குள் மட்டும் தண்ணீர் தானாகப் போய்த் தானாக வெளியே வந்தால் போதும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து சுத்தம் என்றால் அதுதான் சுத்தம்.

வலிக்குப் பயந்து, பருத்திக் காவல் என்று சொல்லிப் புஞ்சையில் போய்ப் படுக்க ஆரம்பித்தான் வெயிலுமுத்து. பருத்தி எடுத்து முடிந்த பிறகும் காவலுக்குப் போனான். வெறும் பருத்திமார்க் குச்சிக்கு எவனாவது காவல் கிடப்பானா? பாண்டியம்மாளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

"என்னப் பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லிருங்க. இப்படி ஓடி ஓடி ஒளியாதீங்க," என்றாள்.

"அதெல்லாம் இல்லட்டி..." என்று ஆரம்பித்து, துண்டை எடுத்துக்கொண்டு புஞ்சைக்கு நடந்துவிட்டான். மாடு நோக்காடு கண்டால் ஊரைக் கூட்டிச் சொல்கிறவனுக்குத் தன் நோக்காட்டைப் பொண்டாட்டியிடம் சொல்ல நாக்குப் புரளவில்லை.

அவள் அழவில்லை. கழுகுமலையிலிருக்கும் அண்ணன் உக்கிரபாண்டிக்கு ஆள் சொல்லியனுப்பினாள். 'வெள்ளிக்கிழமை வாரேன். வாழ வைக்கத் துப்பிருந்தா அன்னைக்கு என் முன்னால சொல்லட்டும். இல்லன்னா தங்கச்சியக் கூட்டிட்டுப் போயி உறவத் தீர்த்து விட்டுருதேன்' என்று பதில் வந்தது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழி பிறக்க வேண்டும். இல்லையென்றால் பொண்டாட்டி போய்விடுவாள். போனால் திரும்பி வருகிற ஆள் இல்லை அவள்.

வெயிலுமுத்து அரையும் குறையுமாகவாவது வாய் திறந்தது கூட்டாளி மாயகிருஷ்ணனிடம் மட்டும்தான். அந்தப் புண்ணியவான் வேப்பெண்ணெய் தடவச் சொன்னான். தடவிவிட்டு இவன் புஞ்சையைச் சுற்றி ஓடின ஓட்டத்தை நரி பார்த்திருந்தால் சிரித்திருக்கும். பிறகு அவனேதான் சொன்னான்:

"கோயில்பட்டியில ஊருக்கு வெளிய புதுசா ஒரு கட்டடம் கட்டியிருக்கான்லே. 'ஆடவர் நல்வாழ்வு நிலையம்'னு பெரிய போர்டு. ஆம்பளைக்குன்னே சர்க்கார் கட்டுன ஆஸ்பத்திரி. அங்க போ."

வெயிலுமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சர்க்கார் நம்மை நினைத்து ஒரு கட்டடமே கட்டியிருக்கிறதே! வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, உட்கார முடியாமல் கோயில்பட்டிவரை நின்றுகொண்டே போனான்.

கட்டடம் பெரிய கட்டடம்தான். வாசல் சுவரில் சிரிக்கிற அப்பன், சிரிக்கிற அம்மை, சிரிக்கிற பிள்ளைகள் ரெண்டு. முன்கூடத்தில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் சுடலைமாடன் என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"எத்தன புள்ள?" என்றார் தலையைத் தூக்காமல்.

"புள்ள இல்ல அண்ணாச்சி. எனக்கு ஒரு நோவு..."

"புள்ள இல்லாம இங்கன எதுக்கு வந்தீரு?"

"போர்டுல ஆடவர்னு போட்டிருந்துச்சு. நானும் ஆம்பளதான அண்ணாச்சி."

சுடலைமாடன் பேனாவைக் கீழே வைத்தார். "ஆம்பள வேற, ஆடவர் வேற வே. எங்க விதிப்படி ரெண்டு புள்ளைக்குக் கொறையாமப் பெத்தவருதான் ஆடவர். ஒண்ணு பெத்தவரு வருங்கால ஆடவர். நீரு இன்னும் பொதுஜனம். நோவுன்னா வேற எங்கயாச்சும் போவும்."

"இது ஆம்பள நோவுல்லா?"

"ஆம்பள நோவ நாங்க பாக்கதில்ல. ஆம்பளையத்தான் பாக்கோம்."

வெயிலுமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். சுடலைமாடன் வழக்கத்துக்குக் கேட்பதுபோல் ஒரு கேள்வி கேட்டார்: "உம்ம யாரு கூட்டிட்டு வந்தா?"

"யாரும் கூட்டிட்டு வரல. நானாத்தான் வந்தேன்."

அவ்வளவுதான். சுடலைமாடன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "தானா வந்திருக்காரு! ஐயா, தானா வந்திருக்காரு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார்.

அவர் ஓடினதில் நியாயம் இருக்கிறது. அந்த வருஷம் எழுபத்தாறாம் வருஷம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு என்று ஒன்று வைத்து அதிகாரிகளை விரட்டிக்கொண்டிருந்த காலம். நிலையத்துக்கு வந்தவர்களில் வாத்தியார் பிடித்து வந்தவர் உண்டு. முன்சீப் பிடித்து வந்தவர் உண்டு. சந்தைக்கு மாடு விற்க வந்து ஜீப்பில் ஏற்றப்பட்டவர் உண்டு. அவருடைய மாடு மூன்று நாள் சந்தையிலேயே நின்றதாகச் சொல்வார்கள். தன் காலால் நடந்து, தன் வாயால் கேட்டு உள்ளே வந்தவர் நிலையம் திறந்த நாளிலிருந்து ஒருவரும் கிடையாது. அதிலும் மார்ச் மாசம் முடியப்போகிறது, மறுநாள் வெள்ளிக்கிழமை இணை இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார் என்கிற நேரத்தில் ஒரு ஆள் தானாக வந்து நின்றால் எழுத்தர் ஓடாமல் என்ன செய்வார்?

நிலையத் தலைவர் வன்னியபெருமாள் வந்தார். மாட்டுச் சந்தையில் காளையைப் பார்ப்பதுபோல் வெயிலுமுத்துவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தானாவா? நெசமாவே தானாவா?"

"ஆமாங்கய்யா. எனக்கு இங்க ஒரு புண்ணு..."

"புண்ணு கெடக்கட்டும். உம்மப்போல ஒரு குடிமகனப் பாக்கத்தான் நான் இத்தன வருசம் உத்தியோகம் பாத்தேன்."

சுடலைமாடன் காதோரம் குனிந்தார். "ஐயா, புள்ள இல்லையே. விதி இடங்கொடுக்காதே."

"விதி சும்மா ஆளத்தான் தடுக்கும்," என்றார் வன்னியபெருமாள். "தன்னார்வலரத் தடுக்காது."

இணை இயக்குநருக்காக வாங்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்த மாலையை எடுத்து வந்து வெயிலுமுத்து கழுத்தில் போட்டார்கள். ஆப்பரேசன் பண்ணிக்கொள்கிறவருக்கு இனாமாகத் தருகிற பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சிரிக்கிற குடும்பத்துக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பருத்தி வண்டியோடு அந்த வழியாக வந்தான் மாயகிருஷ்ணன். மாலையைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், சுவரில் குடும்பக் கட்டுப்பாடு என்று எழுதியிருந்ததைப் பார்த்தான். ஐயோ பாவி என்று தலையில் அடித்துக்கொண்டான். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது.

மாலையைக் கழற்றின பிறகுதான் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் சின்னப் பையன்போல் இருந்தார். கையிலிருந்த வாளி அவர் கண்ணில் படவில்லை. கதவைச் சாத்திவிட்டு, விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

அப்படி ஒரு கேள்வியை அன்றைக்குத்தான் முதல் முதலாக ஒரு மனுஷன் அவனிடம் கேட்டார். வெயிலுமுத்து மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"இது நெறையப் பேருக்கு வரக்கூடியதுதான்," என்றார் டாக்டர். "பயப்பட ஒண்ணுமில்ல. குணமாக்கிரலாம்."

"அப்ப பண்ணுங்க டாக்டரய்யா. ஒங்களுக்குக் கோடி புண்ணியம்."

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். "நான் பண்ண முடியாது. தோல்னா அது தோல் துறை. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு சொல்லுதீங்க, அது நீர்ப்பைத் துறை. உறுப்பு மட்டும்தான் எங்க துறை. அதிலயும் நரம்பு மட்டும்தான். அந்த நுனித்தோல் யாருக்குச் சேந்ததுன்னு மூணு துறைக்கும் தகராறு. மெட்ராசுக்கு எழுதிக் கேட்டிருக்கோம். பதில் வராம நான் கை வச்சா என்னை ராமநாதபுரத்துக் கடக்கரைக்கு மாத்திருவாங்க."

வெயிலுமுத்துவுக்கு அது நன்றாக விளங்கியது. அவன் புஞ்சைக்கும் பக்கத்துப் புஞ்சைக்கும் நடுவிலே ஒரு வரப்பு. ரெண்டு பேரும் என்னுதில்லை உன்னுது என்று சொல்லிச் சொல்லி அதில் வேலிக்கருவை மண்டிப்போய்க் கிடக்கிறது. சர்க்காருக்கு அவனுடைய நுனித்தோல் அந்த வரப்பு.

"வேற வழியே இல்லையா டாக்டரய்யா?"

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு வழி இருக்கு. நரம்பு ஆப்பரேசனுக்கு நீங்க சம்மதிச்சா, அதோட சேத்துத் தோலையும் பாக்கலாம். இணைப்புச் சேவைன்னு விதியில இடம் இருக்கு."

"நரம்ப வெட்டுனாப் புள்ள பொறக்காதே?"

"பொறக்காது."

"தோலு மட்டும்..."

"தோலு மட்டும் முடியாது."

நோவு தீர்ந்தால் பொண்டாட்டி இருப்பாள், பிள்ளை இராது. நோவு தீராவிட்டால் பொண்டாட்டியே இருக்கமாட்டாள். உரலுக்குள் தலையைக் கொடுத்தாகிவிட்டது. அன்றைக்கு முழுக்க நிலையத்துக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தான். பாண்டியம்மாள் மூஞ்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளை முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான்; அதுவும் அவள் ஜாடையாகவே வந்தது. கடைசியில் எழுந்து போய், "சரிங்கய்யா, வெட்டிக்கோங்க. எம் பொண்டாட்டி இருந்தாப் போதும்," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான்.

மறுநாள் காலை விழா. ஆய்வுக்கு வருகிற இணை இயக்குநர் வெறும் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது என்று, 'ஆடவர் தூய்மை வாரம்' என்று ஒன்றையும் வன்னியபெருமாள் சேர்த்து வைத்திருந்தார். சாப்பாடு உண்டு என்று சொல்லி டிராக்டரில் ஆளேற்றி வந்து முன்கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். மேடையில் இணை இயக்குநர். தடித்த ஆள், தங்கக் கண்ணாடி. நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து, அடிக்கடி நெளிந்துகொண்டிருந்தார். வெயிலுமுத்துவுக்கு ஒரு ஓரத்தில் ஸ்டூல். விழா முடிந்ததும் ஆப்பரேசன்.

மேடை நடுவில் ஆள் உயரப் படம் ஒன்று நின்றது. ஆணின் உடம்பு உள்ளும் புறமும் எப்படி இருக்கிறது என்று மக்களுக்குக் காட்டுவதற்காக மெட்ராசிலிருந்து வந்த படம். மக்கள் பார்க்கத் தகாத படம் என்று தெரிந்ததால் வந்த முதல் நாளே அதற்குப் பச்சைத் திரை தைத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து திரையை வைத்துத்தான் பாடம் நடக்கிறது. வன்னியபெருமாள் பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! ஆடவன் என்பவன் யார்? இந்த நாட்டின் அச்சாணி! அந்த அச்சாணியிலே அழுக்கு இருக்கலாமா? எனது இருபத்திரண்டு ஆண்டுக் கால மக்கள் சேவையிலே, அந்த உறுப்பின் பெயரை நான் ஒருமுறைகூட உச்சரித்தது கிடையாது. இதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பெயரைச் சொல்லாமலே லட்சக்கணக்கான மக்களுக்கு அதைப் பற்றி எடுத்துச் சொன்னவன் நான்!"

சுடலைமாடன் கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

"இந்தத் திரைக்குப் பின்னால், இதோ, இந்த இடத்தில்," என்று பிரம்பால் பச்சைத் துணியைத் தட்டினார். தூசி பறந்தது. "இங்கே இருக்கிறது அது. இதை நாள்தோறும் ஓடுகிற நீரில் கழுவ வேண்டும். எப்படிக் கழுவ வேண்டும் என்பது உங்கள் மனச்சாட்சிக்கே தெரியும். அதை நான் விளக்கினால் அது பண்பாடு ஆகாது!"

பெண்கள் பக்கத்திலிருந்து ரெங்கம்மாள் என்ற நடுவயசுப் பெண் எழுந்தாள். "ஐயா, ஓடுத தண்ணின்னு சொன்னீங்களே, அது எங்க ஓடுது? சொன்னீங்கன்னா நாங்களும் கொடத்தத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடுவோம். எங்களுக்குக் குடிக்கவே ரெண்டு மைலு நடக்கணும்."

கூட்டம் சிரித்தது. வன்னியபெருமாள் சிரிக்கவில்லை. "தண்ணீர் வேறு துறை, அம்மா. கழுவுவது மட்டும்தான் எங்கள் துறை," என்றார். "இப்போது, இந்த மாவட்டத்திலேயே முதல் முதலாக, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தானாக முன்வந்து தன்னை நாட்டுக்கு அர்ப்பணிக்கிற ஒரு தன்னார்வலரை உங்கள் முன் நிறுத்துகிறேன்!"

வெயிலுமுத்துவைப் பிடித்து ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினார்கள். மறுபடியும் ஒரு மாலை விழுந்தது. மாலைக்கு மேலே தலையைத் தூக்கினவன் வாசலைப் பார்த்தான். பாண்டியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மீசையை முறுக்கிக்கொண்டு உக்கிரபாண்டி.

"ஏங்க!" என்றாள். ஒலிபெருக்கி இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது. "எம் பக்கத்துல படுக்கப் பிடிக்கல. சரி, போவுதுன்னு இருந்தேன். எம் வயித்துல ஒங்க புள்ள ஒண்ணு வந்துரக் கூடாதுன்னு, மாலயப் போட்டுக்கிட்டு அறுத்துக்கிற அளவுக்கா நான் ஆகாதவளாப் போயிட்டேன்?"

"அம்மா, இது அரசு விழா," என்றார் வன்னியபெருமாள்.

"நீங்க சும்மா இருங்க. நான் எம் புருசன்ட்டப் பேசுதேன்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எதிரே ஒலிபெருக்கி இருப்பதே மறந்துபோய்விட்டது வெயிலுமுத்துவுக்கு.

"ஏட்டி பாண்டி, நீ ஆகாதவ இல்லட்டி. எனக்கு நுனித்தோலு பின்னால வரமாட்டேங்கு. உள்ள அழுக்கு அடஞ்சு புண்ணாயி, சீ வடியுது. ஒண்ணுக்குப் போனா உசுரு போவுது. ஒன் பக்கத்துல வந்தா வலி தாங்காமக் கத்திருவேனோன்னு பயந்துதான் காட்டுல போயிப் படுத்தேன். இங்க வந்தது அதக் காட்டத்தான். நரம்ப வெட்டச் சம்மதிச்சாத்தான் தோலப் பாப்போம்னுட்டாவ. புள்ள இல்லாட்டியும் போவுது, நீ போயிரக் கூடாதுன்னு சரின்னு சொல்லிட்டேன்."

மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அதை அப்படியே ரோட்டுக்குக் கொண்டு போனது. எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கை அந்தரத்தில் நின்றது. சுடலைமாடன் காதைப் பொத்திக்கொண்டார். நாடு இதோடு முடிந்தது என்பதுபோல் வன்னியபெருமாள் பச்சைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பார்கள் என்று வெயிலுமுத்து கண்ணை மூடிக்கொண்டான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் பாதிப்பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெங்கம்மாள் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: "ஆத்தீ! எங்க வீட்டு ஆளு ஒரு வருசமா உறுமிக்கிட்டே திரியுதது இதுக்குத்தானோ?"

பாண்டியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள்.

"இம்புட்டுத்தானா? ஆறு மாசமா நான் செத்துச் செத்துப் பொழச்சேன், அது இம்புட்டுக்குத்தானா? கால்ல முள்ளுக் குத்துனா எங்கிட்டதான கால நீட்டுவீங்க? இதுக்கு மட்டும் நான் அசலா?" என்று அவன் தோளில் ரெண்டு போடு போட்டாள். மூன்றாவது போடு போடுவதற்குள் அழுகை முந்திக்கொண்டது. வெட்டுவேன் குத்துவேன் என்று வந்த உக்கிரபாண்டி, வாசல் சுவரிலிருந்த படத்தை வெகு நுணுக்கமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அப்போது இணை இயக்குநர் எழுந்தார். முகம் இறுகிப்போயிருந்தது.

"இந்த ஆளை உள்ள கூட்டிட்டு வாங்க. டாக்டர் மட்டும் வரட்டும். வேற யாரும் வரக்கூடாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இன்றைக்கு எல்லாருக்கும் வேலை போச்சு என்று வன்னியபெருமாள் தூணில் சாய்ந்துவிட்டார்.

உள்ளே கதவைத் தாழ் போட்டதும் இணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர், இவர் சொன்ன நோய்க்கு இங்கே வைத்தியம் உண்டா?"

"ஐயா, அது எந்தத் துறைக்குச் சேந்ததுன்னு மெட்ராசிலருந்து இன்னும்..."

"துறை கெடக்கட்டும் வே. வைத்தியம் உண்டா இல்லையா?"

"உண்டு ஐயா. லேசான வைத்தியம்தான்."

"ரொம்ப நாளானதா இருந்தா?"

"பாக்கலாம் ஐயா."

"சர்க்கரை வியாதி உள்ளவங்களுக்கு?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். இணை இயக்குநர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"சர்க்கரை உள்ளவங்களுக்கு இது அடிக்கடி வரும் ஐயா. சர்க்கரையைக் கட்டுப்படுத்தணும். மத்தபடி வைத்தியம் ஒண்ணுதான்."

"ம்." "நரம்பு கிரம்பு ஒண்ணும் வேண்டாம். இவருக்குத் தோலுக்கு மட்டும் பண்ணுங்க. அனுமதி நான் தாரேன். முதல்ல இவருக்குப் பண்ணுங்க, நான் பாக்கேன்."

சர்க்காரின் மனசு இளகியது அப்படித்தான். டாக்டர் வெந்நீரில் உப்புக் கலந்து, இதமாகக் கழுவினார். வலிக்காத மட்டுக்குத் தோலைத் தளர்த்தி, துடைத்து, களிம்பு போட்டார். கை வேலை செய்யச் செய்ய அவருக்குக் குரலும் திரும்பி வந்துவிட்டது.

"தினமும் வெதுவெதுன்னு ஒரு செம்புத் தண்ணி போதும். ஓடுத தண்ணியெல்லாம் வேண்டாம். தோல் எவ்வளவு தூரம் நோகாம வருதோ அவ்வளவு தூரம் பின்னால கொண்டுபோய்க் கழுவணும். பலவந்தம் கூடாது. கழுவினதும் ஈரத்தைத் துடைச்சுட்டு மறுபடியும் முன்னால கொண்டு வந்துரணும், இல்லன்னா இறுக்கிப் பிடிச்சுக்கிடும். உள்ள சோப்பு போடாதீங்க. வேப்பெண்ணெய் பக்கமே போகாதீங்க. ஈரக் கோவணத்தோட திரியாதீங்க. புண்ணு ஆறட்டும். ஆறுன பிறகும் தோல் வரலைன்னா சின்னதா ஒரு ஆப்பரேசன், அரை மணி நேர வேலை. அதுனால புள்ள பெத்துக்க ஒரு தடையும் இல்ல."

"இவ்வளவுதானா டாக்டரய்யா?"

"இவ்வளவுதான்," என்றார் டாக்டர். அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும்போல.

"வலிச்சுதா?" என்று கேட்டார் இணை இயக்குநர்.

"இல்லைங்கய்யா. எரிச்சல் கொறஞ்சிருக்கு."

இணை இயக்குநர் மெதுவாகப் பெல்ட்டைக் கழற்றினார். "இதுவும் ஆய்வுதான்," என்றார் பொதுவாக.

ஆய்வு நடந்தது. களிம்பு போட்டுக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த இணை இயக்குநர், டாக்டர் கை கழுவப் போன சமயம் வெயிலுமுத்து பக்கம் திரும்பினார். அதிகாரி மிடுக்கெல்லாம் போய்விட்டது.

"ஏப்பா, ஒன் சம்சாரத்துக்கிட்ட எப்படிச் சொன்ன?"

"நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க ஐயா."

"கேட்டேன், கேட்டேன். எனக்குத்தான் வாய் வரல. நான் ஒதுங்கிப் போறதப் பாத்துட்டு, வேற பொம்பள இருக்குன்னு நெனச்சு எங்க வீட்டம்மா அப்பன் வீட்டுக்குப் போயிட்டா. ஜில்லா பூராவும் மேடையேறிப் பேசுதேன். அவகிட்டப் போயி என்னன்னு சொல்ல?" கொஞ்சம் தயங்கினார். "ஒன் சம்சாரத்த விட்டு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுதியா?"

வெயிலுமுத்து வெளியே வந்தான். வன்னியபெருமாள் பாய்ந்து வந்தார். "என்னவே சொல்லுதாரு? நடவடிக்கை எடுக்கப் போறாராமா?"

"ஆய்வு பண்ணுதாவ ஐயா," என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனான்.

பாண்டியம்மாள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். வெட்டவில்லை, களிம்புதான் போட்டார்கள், தினமும் ஒரு செம்பு வெந்நீர் போதுமாம் என்று சொன்னான். கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உள்ளே படுத்திருக்கிறவர் கேட்டதையும் சொன்னான்.

"ஆத்தாடி! அவருக்குமா?" என்று வாயில் கை வைத்தவள், சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டாள். "அந்தம்மா எங்க இருக்காவளாம்?"

"சங்கரன்கோயில்ல. போயி ரெண்டு வருசமாச்சாம்."

"ரெண்டு வருசமாவா?" பாண்டியம்மாளுக்கு முகம் மாறிப்போயிற்று. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, என்னக் கூட்டிட்டுப் போகத்தான வந்த? வா, கழுகுமல பஸ்ஸப் பிடிச்சுச் சங்கரன்கோயிலுக்குப் போவோம். இவியளும் வரட்டும். பொழுதோட வீட்டுக்குத் திரும்பிருவோம்."

"அந்தம்மாகிட்டப் போயி என்னட்டி சொல்லுவ?" என்றான் வெயிலுமுத்து.

"என்னத்தச் சொல்ல? வேற பொம்பள ஒண்ணும் இல்லம்மா, புண்ணுதான்னு சொல்லுவேன். எங்கிட்ட இத ஆராவது ஒரு ஆளு வந்து சொல்லியிருந்தா, நான் இந்த ஆறு மாசமும் நிம்மதியா ஒறங்கியிருப்பேன்லா?"